கத்திரிக்காய் போல மின்னிய நாலு டயர்

ஜன்னலைத் திறந்தால் புது ரப்பர் வாசனை உள்ளே வருகிறது. நம் பிக்கப் வண்டி வாசலில் நிற்கிறது. முன்னால் இரண்டும் புது டயர், பின்னால் இரண்டும் பழசுக்குப் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட். நேற்று மாட்டி, இன்று காலை முதல் லோடு அடித்துவிட்டு வந்து நிற்கிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து உன்னிடம் சொல்லாமல் என்னால் உட்கார முடியவில்லை. அதனால்தான் பேத்தியின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தப்பு நிறைய இருக்கும். நீ அந்த மூன்றும் படிக்காதவள், ஆகையால் தப்பு உன் கண்ணில் படப்போவதில்லை.

நீ கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். வண்டி இன்னும் நம்முடையதா என்பாய். சொல்கிறேன், வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் பேசாதே.

தாம்பரம் மார்க்கெட்டில் உன் கடையும் என் கடையும் ஒட்டியிருந்தன. நான் தக்காளி, வெங்காயம். நீ கத்திரிக்காய், கீரை. கோயம்பேட்டிலிருந்து யார் யாருடைய லாரியிலோ இடம் கெஞ்சி வாங்கித்தான் நாம் சரக்கு கொண்டு வருவோம். ஒரு லாரிக்காரன் என் தக்காளிக் கூடை மேல் ஏறி உட்கார்ந்து பீடி குடித்தானே, அவன் முகம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று நான் சொன்னேன். நீயும் சரி என்றாய். பழைய பிக்கப் ஒன்றை ஆளுக்குப் பாதியாக வாங்கினோம். எந்தப் பாதி யாருடையது என்று நான் வம்புக்கு இழுத்தால், “முன் பாதி உனக்கு, பின் பாதி எனக்கு. நான் மூட்ட மேல குந்திகினு வரேன், போடி” என்பாய். உன் மகன் காதர் ஓட்டினான். மார்க்கெட்டுக்குப் போக மிச்சம் காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகும்.

முதல் தடவை டயர் மாற்ற வேண்டி வந்தது கத்திப்பாராவில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம். நீ கடைசிவரை ஏறிப் பார்க்காமல் போய்விட்ட பாலம். ரோடு முழுக்கப் பள்ளம், ஜல்லி. டயர் நாலும் மொட்டை.

“எம்மா, பிரேக் அடிச்சா வண்டி வழுக்கினு போவுது. நான் போயி புதுசு வாங்கியாறேன்” என்றான் காதர்.

“நாங்க கையில எடுத்துப் பாக்காத சரக்கு நம்ம வண்டியில ஏறாது” என்றாய் நீ. நான் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று பேரும் முடிச்சூர் ரோட்டுக் கடைக்குப் போனோம். அவன் பெயரை நான் எழுதமாட்டேன். முடிச்சூர் ரோட்டுக்காரன் என்றால் உனக்குப் போதும். நமக்கு ஸ்டூல் போட்டான், ஃபேனை நம் பக்கம் திருப்பினான், டீ வரவழைத்தான். அத்தனை மரியாதை கொடுக்கிறானே என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

“கம்பெனியில எழுத்து கொஞ்சம் கோணலா அச்சாயிடுச்சுக்கா. அதான் தள்ளி வுட்டுட்டான். மத்தபடி பொறந்த கொழந்த மாரி. பாதி வெலைக்குத் தரேன், எடுத்துகினு போ.”

நாம் கோயம்பேட்டில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தோம். நீ பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாய். நான் தூக்கி முகர்ந்து பார்த்தேன். வெளிச்சத்தில் உருட்டினோம். மங்கலாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினோம். சொத்தை பார்ப்பது போல ஓரம் ஓரமாகத் தடவினோம். கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் கறுகறுவென்று பளபளத்த நாலை நீ தேர்ந்தெடுத்து, “கத்திரிக்கா மாரி இன்னா மின்னு மின்னுது பாருடி அம்சா!” என்றாய்.

காதர் குனிந்து பார்த்துவிட்டு, “எம்மா, டயர் எப்ப செஞ்சதுன்னு ஓரத்துல நம்பர் போட்டிருக்கும். இதுல அத ராவி வுட்டிருக்கான்” என்று முணுமுணுத்தான்.

“நீ வண்டிய ஓட்டு. சரக்க நாங்க பாத்துக்குறோம்” என்றாய். இதுவும் நீதான்.

ஒரு வாரம் ஓடியிருக்கும். குரோம்பேட்டையில் நல்ல மழை. பின் டயர் ஒன்று உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, துணியால் துடைத்தார். துணி கறுப்பானது, டயர் வெளுத்தது. வெயிலில் காய்ந்த பழைய ரப்பர், சாம்பல் நிறம், எங்கு பார்த்தாலும் வெடிப்பு. பள்ளமாக ஓடிய கோட்டுக்குள் விரலை விட்டுக் காட்டினார். உள்ளே இருக்க வேண்டிய நூல் வெளியே தெரிந்தது.

“தேஞ்சு போன டயரும்மா. சூட்டுக் கத்திய வச்சு கோடு கீறிட்டு, மேல கறுப்பு பாலீஷ் தடவிக் குடுத்திருக்கான். நாலும் அப்பிடித்தான். ரோட்டு நடுவுல வெடிக்காம வந்தீங்களே, அதச் சொல்லுங்க.”

நீ சிரித்தாய். மழையில் நனைந்துகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். “நாம கீர மேல தண்ணி தெளிச்சு புதுசுன்னு விக்கறோம். அவன் டயரு மேல பாலீஷு தெளிச்சுட்டான். நம்ம தொழில நமக்கே காட்டிட்டானே!” என்றாய்.

நான் சிரிக்கவில்லை. வாடிய கீரையைத் தின்று யாரும் லாரிக்கு அடியில் போவதில்லை. அந்த நாலு டயர் மேல் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவன் உன் மகன். நான் இதைச் சொன்னதும் உன் சிரிப்பு நின்றது. முந்தானையைப் பிழிந்துவிட்டு வண்டியில் ஏறினாய். எங்கே போகிறோம் என்று கேட்கவுமில்லை.

அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பில் தெம்பு வருகிறது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, லோடு சரக்கோடு நேரே முடிச்சூர் ரோட்டுக்குப் போய் அவன் கடை வாசலை அடைத்து நிறுத்தச் சொன்னேன். பின்கதவைத் திறந்தோம். தராசை மாட்டினோம்.

“தக்காளி வாங்கு, வெங்காயம் வாங்கு! டயரு மட்டும் வாங்காத!” என்று நான் கூவினேன். மார்க்கெட்டில் நாலு தெரு கேட்கும் குரல் என்று நீயே சொல்வாய்.

அவன் ஓடி வந்தான். “யக்கா, இன்னாக்கா இது? கட வாசல்ல சந்த வச்சுகினு கீற?”

“வண்டி நவுர மாட்டேங்குதுப்பா. நீ குடுத்த டயரு. வண்டி எங்க நிக்குதோ அங்கதான எங்களுக்கு யாவாரம்?”

“போலீஸக் கூப்புடுவேன்.”

நீ தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “கூப்புடு தம்பி. அவுங்களுக்கும் வூட்ல கொழம்பு வெக்கணும்ல? கத்திரிக்கா இன்னிக்கு நல்ல பிஞ்சு” என்றாய்.

கூட்டம் சிரித்தது. அவனிடம் டயர் வாங்க வந்த ஒரு லாரி டிரைவர் நம்மிடம் வெங்காயம் வாங்கிக்கொண்டு, கழற்றிப் போட்ட டயரையும் பார்த்துவிட்டு, கடைக்குள் போகாமலேயே திரும்பினார். அதற்கப்புறம்தான் அவன் முகம் மாறியது. மத்தியானத்துக்குள் பணத்தை எடுத்து வந்தான். ஓட்டின தேய்மானம் என்று சொல்லிக் கொஞ்சம் பிடித்துக்கொண்டான். தேய்ந்ததை விற்றவன் தேய்மானம் பிடித்தான்! முழுப் பணம் வராமல் நகரமாட்டேன் என்று நான் நின்றேன்.

“போதும் வுடு அம்சா. அவனும் புள்ள குட்டிக்காரன்” என்றாய் நீ. அதோடு விட்டாயா? பின்வாசலில் அவன் பெண்டாட்டி பயந்துபோய் நின்றாள் என்று, ஒரு பை நிறையக் கத்திரிக்காயை அள்ளி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாய். பல்லாவரம் வரை நான் உன்னோடு பேசவில்லை. அந்தக் கத்திரிக்காயை நான் இன்னும் மறக்கவில்லை, கேட்டுக்கொள்.

பல்லாவரத்தில் ரீட்ரெட் பட்டறை இருந்தது. தேய்ந்த டயரின் உடம்பு நன்றாக இருந்தால் அதன் மேல் புது ரப்பர் ஒட்டி, சூட்டில் வேகவைத்துக் கொடுப்பார்கள். மொட்டை என்று அவன் கடையில் கழற்றிப்போட்ட நம் பழைய டயர்களையே திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டுதான் அங்கே போனோம். புது டயர் நாலு வாங்க நமக்குக் கையில் இல்லை. ரீட்ரெட் நாலும் போட்டுவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

“முன்னாடி ரெண்டு உசிரு. பின்னாடி ரெண்டு சரக்கு. சரக்கு கொட்டுனா பொறுக்கிக்கலாம்” என்றாய். முன்னால் புதுசு, பின்னால் ரீட்ரெட் என்று அன்றைக்கு முடிவானது. மாட்டியதும் நீயே போய் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாய். “இத வெக்காட்டி உனக்கு சோறு எறங்காதே” என்றாய். நான் நீ பிஸ்மில்லா சொல்லி முடிக்கும்வரை காதரை வண்டி எடுக்க விடவில்லை. உன் சாமியும் என் சாமியும் அந்த வண்டியில் ஒரே சீட்டில்தான் வந்தார்கள்.

சர்க்கரை முதலில் உன் பாதத்தைத் தின்றது, பிறகு உன்னை. போன மழைக்காலத்தில் ஆண்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் போகிற வழக்கமில்லை என்றார்கள். தெருமுனை வரைக்கும் வந்து நின்றேன். வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த முறை டயர் தேய்ந்தபோது நீ இல்லை. எஃப்.சி.க்குத் தேதி நெருங்கிவிட்டது. மொட்டை டயரோடு போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி ஓடத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துக் காதருக்கு ஐ.டி. கம்பெனிக்காரர்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்ட வேலை கிடைத்தது.

“வித்துடலாம் பெரிம்மா. டயர் போட்டு, எஃப்.சி. காட்டி, டிரைவர் வெச்சு, இதெல்லாம் பேஜாரு. அம்மாவும் இல்ல. அங்க மாசம் பொறந்தா சம்பளம்” என்றான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். சொல்வேன், ஆனால் உன்னிடம் சொல்லமாட்டேன்.

அடுத்த நாளே ஒரு புரோக்கரைக் கூட்டி வந்தான். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்து, செருப்புக் காலால் முன் டயரை உதைத்து, “டயரே இல்லாத வண்டிக்கு இன்னா வெல சொல்ல?” என்றான்.

“கால எடு” என்றேன்.

“யாரு பெரிம்மா நீ?”

“பாதி வண்டி. நீ ஒதச்சது என் பாதி.”

அவன் போனபிறகு காதரிடம் சொன்னேன். விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் டயர் மாற்றப்போகிறேன், இந்த வண்டி எவன் காலிலும் உதைபடக் கூடாது என்று. காதர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனான். அவன் பெண்டாட்டி நஸீமா மட்டும் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, “நான் வரேன் பெரிம்மா. டயர்ல இருக்குற இங்கிலீஷ நான் படிக்கிறேன்” என்று வந்தாள். நீ அவளை வாயில்லாப் பூச்சி என்பாயே, அவள்தான்.

கடை கடையாக ஏறி இறங்கினோம். விலை குறைவு என்று ஒரு கடையில் கார் டயரைக் காட்டினார்கள். அளவு பொருந்தியது. ஆனால் ஓரத்தில் போட்டிருந்த எடை நம்பரைப் படித்துவிட்டு நஸீமா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆள் ஏறும் வண்டிக்குச் செய்தது, மூட்டை ஏற்றினால் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். இன்னொரு கடையில் வெளிநாட்டுச் சரக்கு, மலிவு. செய்து வருடக்கணக்கில் கிடந்தது என்று தேதி நம்பர் சொன்னது. இந்தத் தடவை நான் முகர்ந்தும் பார்க்கவில்லை, வெளிச்சத்தில் உருட்டவும் இல்லை. பள்ளத்துக்குள் விரலை விட்டேன், நம்பரைப் படிக்கச் சொன்னேன், வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். பளபளப்பைக் கண்டால் கையை இழுத்துக்கொண்டேன்.

கடைசியாக நஸீமா ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் போன பிறகுதான் தெரிந்தது, முடிச்சூர் ரோட்டுக்காரன் கடை. ஏ.சி., சோபா. அவன் இளைத்திருந்தான், கடை கொழுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“அம்சாக்கா! உள்ள வா, உள்ள வா.” நஸீமா கேட்ட டயரை அவனே எடுத்துக் காட்டினான். அசல் புது டயர். எல்லாக் கடையையும்விடக் குறைவாக விலை சொன்னான். நான் டயரைத் தொடாமல் நிற்பதைப் பார்த்து, “பழசெல்லாம் மனசுல வெச்சிகினு கீறியாக்கா?” என்றான்.

“வெச்சிகினு கீறேன். எடம் நெறைய கீது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு, “அந்தக்கா நல்ல மனுசி. சண்ட போட்ட எடத்துலயே கத்திரிக்கா குடுத்துட்டுப் போச்சு. என் சம்சாரம் இன்னும் சொல்லும்” என்றான்.

உன்னைப் பற்றி நான் அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அதையும் அவன் மேல் கணக்கில் எழுதிக்கொண்டேன். “அவ குடுத்தா. நான் குடுக்கல” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நஸீமா பின்னாலேயே ஓடி வந்தாள். “பெரிம்மா, அது நெஜமாவே நல்ல டயர். வேற எங்கயும் இந்த வெலைக்கு வராது. மாமி இருந்தா வாங்கியிருப்பாங்க.”

“வாங்கியிருப்பா. அதுக்குத்தான் அவ கூட நான் இருந்தேன்.”

அவளுக்கு அந்தக் கதை தெரியாது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூல் தெரிந்த டயரில் கோயம்பேடு வரை போய் வந்தவன் அவள் புருஷன் என்று சொன்னபோது அவள் முகம் வெளுத்தது. அதற்குப் பிறகு விலையைப் பற்றி அவள் பேசவில்லை. நீ மன்னித்துவிட்டாய், அது உன் தாராளம். உனக்கு நடந்ததை நீ மன்னிக்கலாம். காதருக்கு நடந்திருக்கக் கூடியதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கு அவன் இன்னும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வராது.

பெருங்களத்தூரில் வேறு கடையில் வாங்கினோம். பெரிய பெயர் பெற்ற கம்பெனி இல்லை. ஆனால் மூட்டை தாங்கும் டயர், புதிதாகச் செய்தது. விலை கொஞ்சம் கூடத்தான். அதனால் உன் பேச்சுப்படியே முன்னால் மட்டும் புதுசு. பின்னால் இருந்த இரண்டையும் பல்லாவரம் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஒன்றின் ஓரத்தில் அவித்த முட்டை அளவுக்கு வீக்கம். அது ஆகாது என்று ஒதுக்கினார்கள். தேய்ந்திருந்தாலும் உடம்பு கெடாத ஸ்டெப்னியை எடுத்து அதற்குப் பதிலாக ரீட்ரெட் போட்டோம். ஸ்டெப்னிக்கு ஒரு பழையதைப் பார்த்து வாங்கினேன். எலுமிச்சம்பழம் நான் வாங்கினேன். பிஸ்மில்லா நஸீமா சொன்னாள்.

சாயங்காலம் காதர் வந்து சுற்றிப் பார்த்தான். “நல்லாத்தான் கீது. இப்ப வித்தா கூட கெடைக்கும்” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் நஸீமா, “விக்கல” என்றாள்.

“யாரு சொன்னது?”

“நான். நீங்க கம்பெனிக்குப் போங்க, நான் வேணாங்கல. ஆனா மாமி கடைய நான் தொறக்கப் போறேன். ஊரப்பாக்கத்துல ஒரு டிரைவர் அண்ணன் இருக்காரு, பேசிட்டேன். பெரிம்மா கூட நான் கோயம்பேடு போறேன்.”

“ரெண்டு பொம்பளைங்க, டிரைவர் வெச்சு யாவாரம் பண்ணப் போறீங்களா?”

“உங்கம்மாவும் நானும் மட்டும் ஆம்பளைங்களாடா இருந்தோம்?” என்றேன்.

காதர் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து முன் டயரின் நட்டு ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டவில்லை. அவளிடம் கொடுத்தான். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். பரவாயில்லை, உன் பாதி சாவி அது.

இன்று காலை லோடு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மீனம்பாக்கத்தில் டீக்கு நிறுத்தினோம். டிரைவர் டீக்கடைக்குப் போனார். நான் இறங்கி, முன் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வண்டி நின்ற இடத்திலெல்லாம் நீ இதைத்தான் செய்வாய். பாரம் ஏறி ஓடிய டயர் அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்காமல் நீ டீ குடித்ததில்லை. “ஜொரமாடி பாக்குற?” என்று அப்போதெல்லாம் கேலி செய்வேன். இப்போது என் கை தானாகப் போகிறது. நான் போகச் சொல்லவில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பழக்கம் ஒன்றுதான். உன் மன்னிக்கிற குணம் வரவில்லை, வரவும் வேண்டாம்.

நிமிர்ந்தால் நஸீமா அந்தப் பக்கம் இறங்கி நின்றிருந்தாள். நான் செய்வதைப் பார்த்துவிட்டு, அவள் பக்கத்து டயரில் அவளும் கையை வைத்தாள்.

“அந்தப் பக்கம் எப்பிடிடி கீது?” என்று கேட்டேன்.

“லேசா சூடு. போலாம் பெரிம்மா” என்றாள்.